லோ ஃபேட் பாக்கெட்டுகள்: கொழுப்பை எடுத்த இடத்தில் என்ன போடுகிறார்கள்?

காவிரிக்கரை (திருச்சி)

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் சாப்பாடு பற்றி ஒரு குழப்பம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 63 வயது. போன வருடம் ரத்தப் பரிசோதனை செய்தபோது டிரைகிளிசரைடு 210, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 36, சர்க்கரை எல்லையை ஒட்டி. "எண்ணெய், நெய், தேங்காயெல்லாம் குறைச்சுக்கோங்க" என்று டாக்டர் சொன்னார். அப்பா ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான். அன்றிலிருந்து காலையில் கார்ன்ஃபிளேக்ஸும் டபுள் டோன்டு பாலும், பதினோரு மணிக்கு லோ ஃபேட் ஸ்ட்ராபெர்ரி யோகர்ட், சாயங்காலம் டைஜஸ்டிவ் பிஸ்கட்டோ எண்ணெயில் பொரிக்காத மிக்சரோ. தேங்காய்ச் சட்னி நின்றது, வேர்க்கடலை நின்றது, முட்டையில் மஞ்சள் கரு நின்றது. இட்லிப் பொடியில் எண்ணெய்க்குப் பதிலாகத் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொள்கிறார். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

போன வாரம் வந்த ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைடு 268. எச்டிஎல் 34. எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மனிதர் உடைந்துபோய்விட்டார். "இதுக்கு மேல எதைக் குறைக்கிறது?" என்று கேட்கிறார்.

நேற்று அந்த யோகர்ட் கப்பை எடுத்து லேபிளைப் படித்தேன். 100 கிராமில் கொழுப்பு 1.4 கிராம். கார்போஹைட்ரேட் 16 கிராம், அதில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 10.5 கிராம். பொருட்களின் வரிசையில் பாலுக்கு அடுத்தது சர்க்கரை, அப்புறம் பால் பவுடர், மாற்றப்பட்ட ஸ்டார்ச் (1442), பெக்டின் (440), நிறமூட்டி, சுவையூட்டி. ஸ்ட்ராபெர்ரி எங்கே என்று தேடினால் கடைசிக்குப் பக்கத்தில் 2 சதவீதம். இதைத்தான் உடம்புக்கு நல்லது என்று ஃபிரிட்ஜ் நிறைய வாங்கி அடுக்கி வைத்திருக்கிறோமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மண்பானை

என் மாமனார் வீட்டிலும் இதே கதை சகோதரி. நெய்யை விட்டார், மேரி பிஸ்கட்டைப் பிடித்தார். ஒரு டீக்கு அரை பாக்கெட். டிரைகிளிசரைடு இறங்கவே இல்லை. நானும் இந்த இழையைப் பின்தொடர்கிறேன்.

---

நிலாச்சோறு (உணவியல் ஆலோசகர், மதுரை)

காவிரிக்கரை, அப்பாவிடம் முதலில் ஒன்றைச் சொல்லுங்கள்: அவருடைய கட்டுப்பாட்டில் எந்தக் குறையும் இல்லை, கட்டுப்படுத்திய பொருள்தான் மாறிப்போயிற்று. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேரிடம் இதைப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படும். சொன்னபடி கேட்கிறவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது.

டிரைகிளிசரைடு என்பது ரத்தத்தில் ஓடும் கொழுப்பு. அதனால் கொழுப்பைச் சாப்பிட்டால்தான் ஏறும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் மாவும் சர்க்கரையும் தேவைக்கு மேல் போனால் கல்லீரல் அந்த உபரியைக் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்பிவிடும். கொழுப்பைக் குறைத்து அந்த இடத்தை மாவால் நிரப்பினால் டிரைகிளிசரைடு ஏறும், எச்டிஎல் இறங்கும். நெய், தேங்காய் குறைந்ததால் எல்டிஎல் சற்றுக் குறையும். உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டில் மூன்றும் அப்படியே இருக்கின்றன.

நம் ஊர்ச் சாப்பாட்டில் ஏற்கெனவே மாவுச்சத்து அதிகம். 2025-இல் வெளிவந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஐசிஎம்ஆர்-இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வின்படி, இந்தியர்களுக்குக் கிடைக்கும் கலோரியில் சுமார் 62 சதவீதம் கார்போஹைட்ரேட்டிலிருந்து வருகிறது. இதே ஆய்வு வரிசைதான் நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் சொன்னது. இப்படிச் சாப்பிடுகிற ஒருவரிடம் "கொழுப்பைக் குறை" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், அந்தப் பசியை அவர் எதால் அடைப்பார்? இன்னும் கொஞ்சம் மாவால்தான். டாக்டர் சொன்னது தப்பில்லை, பாதியில் நின்றுவிட்டது. ஒரு நோயாளிக்கு அஞ்சு நிமிஷம்தான் கிடைக்கிறது என்றால் இப்படித்தான் ஆகும்.

கார்ன்ஃபிளேக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராமில் கொழுப்பு ஒரு கிராம் கூட இருக்காது. கார்போஹைட்ரேட் 80 கிராமுக்கு மேல். அதில் கொழுப்பு கம்மி என்பது முழு உண்மை. ஆனால் அப்பாவுக்கு இருக்கிற பிரச்சினைக்கும் அந்த உண்மைக்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொரு விஷயம். டைஜஸ்டிவ் பிஸ்கட் லோ ஃபேட்டே கிடையாது. பின்பக்கம் பாருங்கள், 100 கிராமில் கொழுப்பு 20 கிராமை ஒட்டி இருக்கும், பெரும்பாலும் பாமாயில். பெயரையும் கோதுமைக் கதிர் படத்தையும் பார்த்து நாமே அதை ஆரோக்கிய வரிசையில் சேர்த்துவிட்டோம்.

---

சாஸ்பாட்டில் (ஓசூர்)

சாஸ், மயோனைஸ் தயாரிக்கிற ஒரு நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். உள்ளே எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், அப்போது லேபிள் தானாகவே புரியும்.

கொழுப்பு சுவைக்கு மட்டும் இல்லை. நாக்கில் வழுவழுப்பைத் தருவதும், மணத்தைப் பிடித்து வைத்து மெதுவாக விடுவதும், பிஸ்கட்டைப் பொருபொருவென்று நொறுங்கச் செய்வதும் அதுதான். அதை எடுத்தால் நாலு ஓட்டை விழும். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பொருளால் அடைக்க வேண்டும்.

மயோனைஸைப் பார்ப்போம். சாதாரண மயோனைஸின் உடம்பே எண்ணெய்தான். லோ ஃபேட்டில் எண்ணெயைக் குறைத்து அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றுகிறோம். தண்ணீர் நிற்காது, பிரிந்து ஓடும். அதைக் கட்டி நிறுத்த மாற்றப்பட்ட ஸ்டார்ச், சாந்தன் பிசின் (415), குவார் பிசின் (412). இப்போது கெட்டியாக இருக்கிறது, ஆனால் வாயில் வைத்தால் கஞ்சி மாதிரி சப்பென்று இருக்கும். அதற்குச் சர்க்கரை, உப்பு, வினிகர். தண்ணீர் கூடியதால் சீக்கிரம் கெடும், அதற்குப் பதப்படுத்தி: சார்பேட் (202), பென்சோயேட் (211). ஒரு பொருளை எடுத்ததற்கு ஏழெட்டுப் பொருள் உள்ளே வந்தாயிற்று.

நியாயமாகச் சொல்ல வேண்டும், இந்த எண்களில் எல்லாமே விஷம் இல்லை. 412 என்பது கொத்தவரை விதையிலிருந்து எடுக்கிற பிசின். 440 பழத்தோலில் இருக்கிற பெக்டின். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. நீங்கள் தேட வேண்டியது வேறு: சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின். மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது ஸ்டார்ச்சை உடைத்துச் செய்கிற பவுடர். அதற்கு இனிப்பு அதிகம் தெரியாது, சர்க்கரை கணக்கிலும் பெரும்பாலும் வராது. ஆனால் ரத்தத்தில் குளுக்கோஸை ஏற்றுவதில் சர்க்கரைக்குக் குறைந்தது இல்லை. லோ ஃபேட் பொருட்களில் எங்களுக்கு மிகவும் வசதியான பொருளும் அதுதான்.

சட்டப்படி பொருட்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததை நோக்கி எழுத வேண்டும். முதல் மூன்று பெயரைப் படித்தாலே பாக்கெட்டின் ஜாதகம் தெரிந்துவிடும்.

---

எடிசன்வாசி (நியூ ஜெர்சி)

அருமையான விளக்கம் சாஸ்பாட்டில். அமெரிக்கா இதை முப்பது வருடம் முன்பே அனுபவித்துவிட்டது. நான் 90களில் இங்கே வந்தவன், கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

1977-இல் செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன் தலைமையிலான குழு, அமெரிக்கர்களின் உணவில் கொழுப்பை 30 சதவீதக் கலோரிக்குக் குறைக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. அதே அறிக்கை சர்க்கரையையும் குறைக்கச் சொன்னது, பழம், காய்கறி, முழுத்தானியம் சாப்பிடச் சொன்னது. கம்பெனிகளுக்கு இதில் விற்கத் தோதான வரி ஒன்றுதான் இருந்தது. கீரையை யார் சாப்பிட்டாலும் அவர்களுக்கு லாபம் இல்லை. "கொழுப்பு இல்லாத கேக்" என்றால் பெட்டி பெட்டியாக விற்கலாம்.

1992-இல் நபிஸ்கோ நிறுவனம் ஸ்னாக்வெல்ஸ் என்று பச்சைப் பெட்டியில் பிஸ்கட் கொண்டுவந்தது. கொழுப்பே இல்லாத சாக்லேட் கேக் பிஸ்கட்டுக்கு அப்படி ஒரு கிராக்கி, கடைகளில் சரக்குத் தீர்ந்துபோகும். என்னோடு வேலை பார்த்தவர்கள் மேசை டிராயரில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். கொழுப்புதான் இல்லையே என்று ஒரே மூச்சில் பாதிப் பெட்டி காலியாகும். உள்ளே முழுக்கச் சர்க்கரையும் மாவும். கொழுப்பு குறைவு என்ற தைரியத்தில் அளவு மீறிச் சாப்பிடுவதற்கே பிற்பாடு 'ஸ்னாக்வெல் விளைவு' என்று பெயர் வந்துவிட்டது.

அப்புறம் ஓலெஸ்ட்ரா. உடம்பு செரிக்க முடியாத செயற்கைக் கொழுப்பு. 1996-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. அதில் பொரித்த சிப்ஸ் பாக்கெட்டில், வயிற்றுப் பிடிப்பும் கழிச்சலும் வரலாம், சில வைட்டமின்கள் உடம்பில் சேராமல் போகலாம் என்று எச்சரிக்கையே அச்சடித்திருக்கும். அந்த எச்சரிக்கையைப் படித்துவிட்டும் ஜனங்கள் வாங்கினார்கள். கொழுப்பு மேல் அவ்வளவு பயம் ஏற்றி வைத்திருந்தார்கள்.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. 1960களில் சர்க்கரைத் தொழிலின் ஆராய்ச்சி அமைப்பு, ஹார்வர்ட் விஞ்ஞானிகளுக்குப் பணம் கொடுத்து ஒரு ஆய்வுக் கட்டுரை எழுத வைத்தது. 1967-இல் பெரிய மருத்துவ இதழில் வந்தது. இதய நோய்க்குக் காரணம் கொழுப்பு என்று அழுத்திச் சொல்லி, சர்க்கரை மேல் இருந்த சந்தேகத்தை மட்டம் தட்டியது. பணம் வந்த கதை கட்டுரையில் இல்லை. 2016-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பழைய கடிதங்களைத் தோண்டி எடுத்த பிறகுதான் வெளியே தெரிந்தது. இரண்டு தலைமுறை அந்தக் கருத்தை நம்பித்தான் கடைக்குப் போனது.

---

நெய்ப்பிரியன்

இதைத்தான் நான் எப்போதும் சொல்கிறேன். கொழுப்பு பற்றிய பயமெல்லாம் கட்டுக்கதை. நெய், தேங்காய் எண்ணெய், வெண்ணெய் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். நம் தாத்தா பாட்டி அப்படித்தான் சாப்பிட்டார்கள், நூறு வயது வாழ்ந்தார்கள். காவிரிக்கரை, அப்பாவை நாளையிலிருந்து பேலியோவுக்கு (மாவைத் தவிர்த்துக் கொழுப்பை அதிகம் சாப்பிடும் முறை) மாற்றுங்கள். மாத்திரையையும் நிறுத்திவிடலாம்.

---

மட்டுறுத்துநர்

மருந்தை நிறுத்துவது, கூட்டுவது, குறைப்பது பற்றி இங்கே யாரும் யாருக்கும் ஆலோசனை சொல்ல வேண்டாம். அதை அவரவர் மருத்துவரிடம்தான் பேச வேண்டும். உணவு பற்றிய விவாதம் தொடரட்டும்.

---

ஸ்டெத் (பொதுநல மருத்துவர், தஞ்சாவூர்)

நெய்ப்பிரியன் சொன்னதைக் கடுமையாக மறுக்கிறேன். இது உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் மென்மையாகச் சொல்ல முடியவில்லை.

லோ ஃபேட் பிஸ்கட் ஏமாற்று என்பதால் எல்லாக் கொழுப்பும் நல்லது என்று ஆகிவிடாது. நிறைவுற்ற கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றும், எல்டிஎல் ஏறினால் மாரடைப்பு அபாயம் ஏறும். இது இன்றைக்கும் மாறவில்லை. தேங்காய் எண்ணெயில் 90 சதவீதத்தை ஒட்டி நிறைவுற்ற கொழுப்பு, நெய்யில் அறுபதுக்கு மேல், பாமாயிலில் ஏறக்குறையப் பாதி. நல்லெண்ணெயில் 15 சதவீத அளவுதான், கடலை எண்ணெயில் அதைவிடச் சற்று அதிகம். அமெரிக்க உணவு வழிகாட்டி 2015-இல் மாறியது என்று பலரும் எழுதுகிறார்கள். சேர்க்கப்பட்ட சர்க்கரைக்குக் கலோரியில் 10 சதவீதம் என்று முதல் முறையாக எல்லை வைத்தார்கள், உண்மைதான். ஆனால் நிறைவுற்ற கொழுப்புக்கு இருந்த 10 சதவீத எல்லையை எடுக்கவில்லை.

ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: கொழுப்பைக் குறைத்த இடத்தில் எது வந்தது? அமெரிக்காவில் 48,835 பெண்களை வைத்துச் சுமார் 8 வருடம் நடத்திய ஆய்வின் முடிவு 2006-இல் வந்தது. மொத்தக் கொழுப்பைக் குறைத்ததால் மட்டும் மாரடைப்போ பக்கவாதமோ குறிப்பிடும்படி குறையவில்லை. நிறைவுற்ற கொழுப்பின் இடத்தில் நிறைவுறா எண்ணெய், கொட்டைகள், மீன் வந்தால் பலன் தெரிகிறது. அதே இடத்தில் மைதாவும் சர்க்கரையும் வந்தால் இதயத்துக்கு ஒரு பலனும் இல்லை, டிரைகிளிசரைடு மட்டும் மிச்சம்.

தாத்தா பாட்டி விஷயம்: அவர்கள் வயலில் நின்றார்கள், நெய் என்பது வாரத்தில் ஒரு நாள் பருப்புச் சோற்றில் விழுந்த ஒரு ஸ்பூன். அந்த ஊரில் ஐம்பதில் போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

காவிரிக்கரை, அப்பாவுக்குத் தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் பார்த்தாயிற்றா? மது உண்டா? டிரைகிளிசரைடு ஏற இவையும் காரணமாகலாம். உணவை மட்டும் குற்றம் சொல்வதற்கு முன் இவற்றை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

---

நெய்ப்பிரியன்

மாத்திரை பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன் டாக்டர். ஆனால் பாக்கெட்டில் வரும் எதுவும் நல்லதில்லை என்பதில் மாற்றம் இல்லை. டோன்டு பாலும் அதில் அடக்கம். பாலைப் பிரித்துப் பவுடராக்கி மறுபடி தண்ணீர் ஊற்றிக் கலக்குவது பாலா?

---

பால்சொசைட்டி (சேலம்)

நண்பரே, பால் பற்றி நான் சொல்லலாம். கூட்டுறவுச் சங்கத்தில் கொழுப்பு அளந்தே முடி நரைத்தது.

ஆவின் நீல பாக்கெட் டோன்டு: கொழுப்பு 3 சதவீதம், கொழுப்பு அல்லாத திடப்பொருள் 8.5. நிலைப்படுத்திய (ஸ்டாண்டர்டைஸ்டு) பால்: 4.5, 8.5. ஆரஞ்சு முழுக் கொழுப்பு: 6, 9. டபுள் டோன்டு என்றால் கொழுப்பு 1.5, திடப்பொருள் 9. இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். கொழுப்பு குறைந்தாலும் புரதமும் கால்சியமும் எங்கும் போகவில்லை. சர்க்கரை ஒரு துளி சேர்ப்பதில்லை, ஸ்டார்ச் இல்லை, எசென்ஸ் இல்லை.

டோன்டு பால் ஒன்றும் மேல்நாட்டு டயட் மோகத்தில் வந்ததில்லை. 1940களில் பம்பாயில் பால் தட்டுப்பாடு. எருமைப்பாலில் கொழுப்பு 7 சதவீதம் வரை இருக்கும். அதில் கொழுப்பு நீக்கிய பால் பவுடரும் தண்ணீரும் சேர்த்தால் அதிகப் பேருக்குக் குறைந்த விலையில் பால் கொடுக்கலாம் என்று குரோடி என்ற பால்வள நிபுணர் செய்து காட்டினார். ஏழைக் குழந்தைக்குப் பால் கிடைக்கச் செய்த வேலை அது. யோகர்ட் கப்போடு அதைச் சேர்த்துப் பேசினால் எனக்கு வலிக்கிறது.

ஒன்றே ஒன்று: கொழுப்பை எடுக்கும்போது அதில் கரைந்திருக்கும் வைட்டமின் ஏ-யும் டி-யும் கூடவே போய்விடும். அதனால்தான் கொழுப்பு குறைத்த பாலில் அவற்றைத் திரும்பச் சேர்க்கிறார்கள். பாக்கெட்டில் 'எஃப்' எழுத்தும் கூட்டல் குறியும் போட்ட நீல முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

---

நிலாச்சோறு

நன்றி ஐயா, இது சொல்லப்பட வேண்டிய விஷயம். பதப்படுத்துவது எல்லாமே ஒன்றில்லை. பாலைக் காய்ச்சுவது, தோசைமாவு புளிப்பது, கடலையை வறுப்பது எல்லாம் பதப்படுத்தல்தான். பிரேசிலில் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்லோஸ் மொன்டெய்ரோ உணவை நான்கு வகையாகப் பிரித்து, நான்காவதை 'அதீதமாகப் பதப்படுத்தியவை' என்றார். வீட்டு அடுப்பங்கரையில் இல்லாத பொருட்களைச் சேர்த்துத் தொழிற்சாலையில் உருவாக்குபவை அவை. சாதாரண பாக்கெட் பால் முதல் வகையில் வரும். ஸ்ட்ராபெர்ரி யோகர்ட் நான்காவது.

இந்தப் பிரிவினை வெறும் பேச்சில்லை. 2019-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை ஆய்வு மருத்துவமனையிலேயே தங்கவைத்தது. இரண்டு வாரம் அதீதமாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் வீட்டுச் சமையல் மாதிரியான உணவு. பரிமாறிய தட்டுகளில் கொழுப்பு, சர்க்கரை, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமமாக இருக்கும்படி அமைத்தார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று விட்டார்கள். பாக்கெட் உணவு வாரங்களில் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள், எடை கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. ஆகவே லேபிளில் கொழுப்பு, சர்க்கரை எண்களை மட்டும் திருத்தி எழுதினால் போதாது. மென்மையாக, வேகமாக, மெல்லாமல் உள்ளே போகிற உணவு வயிறு நிறைந்ததைச் சொல்லவே விடுவதில்லை.

---

செம்பருத்தி (கல்லூரி மாணவி, கோவை)

ஒரு சந்தேகம் மேடம். லோ ஃபேட் என்று எழுத ஏதாவது விதி உண்டா? இல்லை, அவரவர் இஷ்டமா?

---

சாஸ்பாட்டில்

உண்டு தங்கச்சி. எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதிப்படி திட உணவு என்றால் 100 கிராமில் கொழுப்பு 3 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது, திரவம் என்றால் 100 மில்லியில் 1.5 கிராம். கொழுப்பே இல்லை என்று போட 0.5 கிராமுக்குள் இருக்க வேண்டும். அந்த விதியில் கொழுப்பைத் தவிர வேறு எதுவும் கணக்கில்லை. சர்க்கரை மிட்டாய்க்கும் லோ ஃபேட் என்று தாராளமாக எழுதலாம், சட்டம் இடம் கொடுக்கிறது.

எண்ணெய் டின்னில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று பெரிதாகப் போடுவதும் அப்படித்தான். கொலஸ்ட்ரால் விலங்கு உணவில்தான் இருக்கும். தாவர எண்ணெயில் என்றைக்குமே இருந்ததில்லை.

---

மண்பானை

ரெட்யூஸ்டு ஃபேட் வேர்க்கடலை வெண்ணெய் ஒரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். அது பரவாயில்லையா?

---

நிலாச்சோறு

அந்த வகையில் கலோரி பெரிதாகக் குறையாது. கடலையின் கொழுப்பைக் கொஞ்சம் எடுத்துவிட்டு சிரப் பவுடரோ மால்டோடெக்ஸ்ட்ரினோ சேர்த்திருப்பார்கள். எடுத்தது நல்ல கொழுப்பு, போட்டது மாவு. நட்டம் உங்களுக்கு. பாட்டில் தீர்ந்ததும் வெறும் கடலையும் உப்பும் மட்டும் இருக்கிறதாக வாங்குங்கள். அதைவிட, குக்கரில் தோலோடு வேகவைத்த கடலை ஒரு கைப்பிடி போதும். 30 கிராம் கடலையில் ஏழெட்டு கிராம் புரதம் இருக்கிறது, கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுறாதது.

காவிரிக்கரை, இட்லிப் பொடியில் தண்ணீர் விட்டுச் சாப்பிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். மனசு கேட்கவில்லை. ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுக் கொடுங்கள். அது பாவமில்லை. அப்பா இட்லி எத்தனை சாப்பிடுகிறார் என்று பாருங்கள். ஐந்து என்றால் மூன்றாக்கி, கூட ஒரு கிண்ணம் காய் போட்ட சாம்பார் ஊற்றுங்கள். கீரையையும் எண்ணெயே இல்லாமல் அவித்துத் தருகிறீர்கள் என்றால் அதில் இருக்கிற கரோட்டின் உடம்பில் சரியாகச் சேராது. 2004-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். கொழுப்பு இல்லாத டிரெஸ்ஸிங் போட்ட சாலட் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் கரோட்டின் ஏறவே இல்லை என்று சொல்லும்படி இருந்தது. எண்ணெய் சேர்த்தபோது ஏறியது. முருங்கைக்கீரையை ஒரு ஸ்பூன் எண்ணெயில் வதக்கிய நம் பாட்டிமார்களுக்கு இது தெரிந்தே இருந்தது.

---

காவிரிக்கரை

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இழையை அப்பாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன். "கட்டுப்பாட்டில் குறையில்லை" என்று நிலாச்சோறு மேடம் எழுதியதைக் கேட்டதும்தான் முகம் தெளிந்தது. பால்சொசைட்டி ஐயா எழுதியதைக் கேட்டு, பாலை மாற்ற வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்.

டாக்டருக்கு: மது கிடையாது. தைராய்டு பார்க்கவில்லை, இந்த வாரம் எடுக்கிறோம். மாத்திரை எதுவும் இதுவரை இல்லை.

இப்போது யோசித்திருப்பது: காலையில் இரண்டு முட்டையோடு ஒரு தோசை, இல்லையென்றால் பாசிப்பயறு அடை. பதினோரு மணிக்கு வீட்டுத் தயிரில் மோர். மதியம் சோறு பாதி, மீதி காயும் பருப்பும். வாரத்தில் இரண்டு நாள் மத்தி மீன், குழம்பாக. சாயங்காலம் சுண்டல் அல்லது வேர்க்கடலை. பழக்கடை ஜூஸ் நிறுத்தி, கொய்யாவைக் கடித்துச் சாப்பிடுவது. நெய்யும் தேங்காயும் பழையபடி அள்ளிப் போடாமல் அளவாக. சரியா?

அம்மா பக்கம் இன்னொரு கேள்வி. சித்திக்குப் பித்தப்பையில் கல். அவர்களுக்கும் லோ ஃபேட் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அதையும் விட்டுவிடச் சொல்லலாமா?

---

ஸ்டெத்

வேண்டாம், சித்தி விஷயம் வேறு. பித்தப்பைக் கல், கணைய அழற்சி இருப்பவர்களுக்குக் கொழுப்பைக் குறைக்கச் சொல்வதற்கு நேரடியான காரணம் இருக்கிறது. கொழுப்பு உள்ளே போனதும் பித்தப்பை சுருங்கும், கல் இருந்தால் வலி வரும். டிரைகிளிசரைடு 500-ஐத் தாண்டியவர்களுக்கும் கணையத்தைக் காப்பாற்றக் கொழுப்பைக் குறைக்க வேண்டிவரும். ஆனால் அவர்களுக்கும் லோ ஃபேட் என்றால் இட்லி, ரசம், அவித்த மீன், கூட்டு, மோர். பாக்கெட் யோகர்ட் இல்லை.

அப்பாவின் திட்டம் நன்றாக இருக்கிறது. அதோடு மதியமும் இரவும் சாப்பிட்டதும் உட்காராமல் ஒரு நடை நடக்கச் சொல்லுங்கள்.

---

எடிசன்வாசி

மத்தி என்றதும் ஏக்கமாக இருக்கிறது. இங்கே டின்னில்தான். ஆனாலும் கடலை எண்ணெயில் வெங்காயம் வதக்கிப் போட்டால் மோசமில்லை.

---

செம்பருத்தி

எங்கள் ஹாஸ்டல் கேன்டீனில் "டயட்" என்று தனியாக ஒரு அலமாரியே இருக்கிறது. மசாலா ஓட்ஸ், பேக்டு சிப்ஸ், ஃபிளேவர் யோகர்ட். இன்றைக்கு ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தேன். மசாலா ஓட்ஸில் கொழுப்பு குறைவுதான், ஆனால் உப்பு கண்டபடி. மால்டோடெக்ஸ்ட்ரின் மூன்று பாக்கெட்டில் இருந்தது. வார்டனிடம் பேசி, சாயங்காலம் சுண்டல் போடச் சொல்லப் போகிறோம். வாங்குகிறவர்கள் இருப்பார்கள் என்று கேன்டீன் அண்ணாவும் சொல்கிறார்.

---

நிலாச்சோறு

செம்பருத்தி, கட்டாயம் பேசுங்கள். கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறவைக்க வேண்டும் என்பதையும் கேன்டீனில் சொல்லிவிடுங்கள், அதற்காகவே பல இடங்களில் பாக்கெட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

காவிரிக்கரை, திட்டத்தில் ஒரே ஒரு திருத்தம். அடைக்குப் பயறோடு அரிசி அதிகம் சேர்க்காதீர்கள், ஒரு கைப்பிடி போதும். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள், அதே லேபில். டிரைகிளிசரைடு முந்தின நாள் சாப்பாட்டைப் பொறுத்து நிறைய மாறும். எனவே முதல் நாள் இரவு கல்யாணம், விருந்து எதுவும் இல்லாத நாளாகப் பாருங்கள். இரவு எட்டு மணிக்குள் வழக்கமான சாப்பாடு, அதன் பிறகு தண்ணீர் மட்டும், காலையில் காபிக்கு முன்னால் போய்விட வேண்டும். ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே போடுங்கள்.